அக்கா வந்து தம்பி வண்டி தள்ளு

வல்லக்கோட்டை,
19.6.2005

அறிவிப்பு!

இதனால் சகலருக்கும், முக்கியமாகச் சங்கரன்கோவில் பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்திருக்கும் திருமதி காவேரி கொம்பையா அவர்களுக்கும், ஆழ்ந்த துக்கத்துடனும் அடக்கமுடியாத இளிப்புடனும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: நம் வீட்டு வெள்ளாடு மந்திரியார் அவர்கள் நேற்றுக் காலை, தந்தையார் எல்லப்பன் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அவருடைய செக்யூரிட்டி தொப்பியைப் பரிபூரணமாக உட்கொண்டுவிட்டார். மிச்சம் கிடைத்தது ஒரு பித்தளைப் பட்டன். அது கிடைத்த வழியை இக்கடிதத்தில் எழுதுவதற்கில்லை. தந்தையார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்றார். சூப்பர்வைசர், "இன்னா எல்லப்பா, கழனிக்குப் போறியா?" என்று கேட்டானாம். அந்த கேட் நிற்கிற இடமே நம்ம கழனிதான் என்பது அவனுக்குத் தெரியாது.

அக்கா, சிரிச்சியா? சிரிச்சிருந்தா மேலே படி. இல்லேன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து.

நீ போனதுக்கப்புறம் உன் தம்பி சிவசங்கர் எழுதற முதல் கடிதம் இது. அட்ரஸ் எப்படிக் கிடைச்சதுன்னு கேக்கறியா? சுங்குவார்சத்திரம் லாட்ஜில கொம்பையா மாமாவோட ஒரே ரூம்ல இருந்த ஆளைக் கோதண்டராமன் பிடிச்சான். கோதண்டம் இப்போ பஸ் ஸ்டாப் எதிர ஜெராக்ஸ் கடையில இருக்கான். பரீட்சையில என்னைப் பாத்துக் காப்பி அடிச்சே ஃபெயில் ஆனவன், இன்னிக்கு காப்பி எடுக்கறதே பொழப்பு. பதில் போட்டா அந்தக் கடைக்கே போடு. வூட்டுக்குப் போட்டா மந்திரிக்கு முன்னாடி அப்பா தின்னுடுவார். நம்ம வூட்டுல உன் பேர சொல்லக்கூடாது. டீவி நியூஸ்ல காவேரித் தண்ணின்னு வந்தாக்கூட அப்பா சேனல மாத்தறார்.

என் விஷயம். நீ போறப்போ எப்படி இருந்தேன்? குதிகால் தரையில படாம கொக்கு மாதிரி நடந்துகினு, விழுந்தா தொடையில கைய ஊணி ஊணி எழுந்துகினு, உன் சைக்கிள் கேரியர்தான் என் காலுன்னு இருந்தேன் இல்ல? அதெல்லாம் பழைய கதை. படப்பை வைத்தியர் எண்ணெய் வேலை செஞ்சிடுச்சு. பத்தாவது பாஸ். பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப். கிளாஸ் மாடியில, ரெண்டு ரெண்டு படியா ஏறறேன். உன் சைக்கிள நானே மிதிக்கிறேன். கெண்டைக்கால் மட்டும் இன்னும் புடைச்சிகினுதான் கீது, ஊர்ல எல்லாரும் ‘பயில்வான்’ங்கறாங்க. தமிழய்யா சொன்னார், பயில்வான்னா படிப்பான்னும் அர்த்தமாம். ரெண்டு அர்த்தத்துக்கும் நான்தான் ஏஜென்ட்.

அதனால நீ போனதால நான் ஸ்கூலுக்குப் போக முடியலன்னு யாராவது சொன்னா நம்பாதே.

இப்படிக்கு,
பயில்வான் சிவா


சங்கரன்கோவில் பக்கம்,
8.7.2005

அன்புள்ள தம்பி சிவாவுக்கு,

சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் தொப்பி இல்லாம அப்பா வெயில்ல நின்னிருப்பாரேன்னு நினைச்சு சாப்பிடப் பிடிக்கல. அவர் என்னைத் திட்டினது எல்லாம் மறந்துபோச்சு, அந்தத் துண்டு மட்டும் கண்ணிலேயே நிக்குது.

நான் நல்லா இருக்கேன்னு எழுதணும். இருக்கேன். உங்க மாமா தறிக்குப் போறார், நானும் நூல் சுத்தப் போறேன். அங்க நான் வேலை பார்த்த வயர் கம்பெனியில ஷிப்டு முடிஞ்சா சங்கு ஊதும், பஸ் வரும். இங்க முடிவே கிடையாது. தறிச் சத்தம் தூக்கத்திலயும் கேக்குது. அத்தை மோசமில்ல. ஆனா என் பேச்சை அவங்களும் அவங்க பேச்சை நானும் பாதிதான் புரிஞ்சுக்கறோம். "ஏட்டி, வெரசா வா" என்றால் நான் முழிக்கிறேன். நான் "வூடு" என்றால் தெருவே சிரிக்குது.

சிவா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உன் கையெழுத்து ஏன் அப்படிக் கோணலா கீழ இறங்குது? முன்னாடி முத்து முத்தா எழுதுவியே.

உன்னைக் கேரியர்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போன அந்த ஏத்தம், கோயில் திரும்பற இடம், அங்க மூச்சு வாங்குமே, அதை இன்னமும் கனவில தள்ளறேன். நான் ராத்திரியோட ராத்திரியா கிளம்பின அன்னிக்கு என் மனசுல இருந்தது அப்பா இல்ல, அம்மா இல்ல. நாளைக்கு இவனை யார் ஸ்கூல்ல விடுவாங்கன்னுதான். நீயே மிதிக்கிறேன்னு எழுதியிருக்கே பாரு, அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. என் தலைமேல இருந்த கல்லை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருந்தது.

பயாலஜி படிக்கிறியாமே. என் பழைய புஸ்தகம் பரண் மேல இருக்கும், எடுத்துக்கோ. எனக்கும் அந்தப் பாடம் ரொம்ப இஷ்டம். ஏதாவது ஒரு பாடத்தை எனக்குப் புரியற மாதிரி எழுது. தறிக்கு நடுவுல யோசிக்க எதாவது வேணும்.

அம்மா என்னைப் பத்திக் கேட்டாளா? கேக்கலன்னா பொய்யாவாவது கேட்டான்னு எழுது.

காவேரி


வல்லக்கோட்டை,
28.8.2005

அக்கா,

அம்மா கேட்டாங்க. (இது பொய்யா நெசமான்னு கண்டுபிடி. பதில் அடுத்த ஜென்மத்துல.)

கையெழுத்து கோணலுக்குக் காரணம் சைக்கிள். ஹேண்டில்பார பிடிச்சுப் பிடிச்சு கை அதே கோணத்துக்கு வந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல.

இப்போ பாடம். கைய கட்டு, வாய மூடு.

செல்! செல்னா போன்னு அர்த்தம். செல்னா மண்ணுல இருக்கிற கரையான். செல்னா ஆபீஸருங்க இடுப்புல மாட்டிகினு திரியறது. ஆனா பயாலஜி செல் இருக்கே, அது எங்கயும் செல்லாது. இருக்கிற இடத்திலேயே கம்பெனி நடத்துது. நம்ம ஒரகடம் ரோட்டுல இல்லாத அளவுக்கு கம்பெனி, நம்ம சுண்டுவிரல்ல கீது. எல்லாத்துலயும் மெயின் புராடக்ட் ஒண்ணுதான்: புரோட்டீன்.

நடுவுல மேனேஜர் ரூம். பேர் உட்கரு. உள்ளே பீரோ, பீரோவுல ஒரிஜினல் பத்திரம், அதான் டி.என்.ஏ. ஒரிஜினல் வெளிய போகவே போகாது. அப்பா நம்ம கழனிப் பட்டாவ வச்சிருந்தார் இல்ல, யார் வந்து கேட்டாலும் ஜெராக்ஸ்தான் குடுப்பேன்னு? அதே கதை. எந்த புரோட்டீன் வேணுமோ அந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ். அதுக்குப் பேர் தூது ஆர்.என்.ஏ. அது ரூம் சுவத்துல இருக்கிற ஓட்டை வழியா லைனுக்கு வரும்.

லைன்ல உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் ரைபோசோம். அது நீதான்கா! வயர் கம்பெனியில உன் எதிர போர்டுல படம் ஒட்டியிருக்கும்பியே, சிவப்பு இங்க, மஞ்சள் அங்கன்னு? அதுமாதிரி ரைபோசோம் ஜெராக்ஸப் பாத்து மூணு மூணு எழுத்தாப் படிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். அதைத் தூக்கிகினு வர்ற டிராலி ஆளுக்குப் பேர் கடத்து ஆர்.என்.ஏ. (கடத்தறதுன்னதும் மாமா ஞாபகம் வந்துச்சு. அவர் கடத்தினது ஒரே ஒரு காவேரிய.) ஒண்ணோட ஒண்ணு கோத்துகினே போனா நீள மாலை. அது மடங்கிச் சுருண்டு உருவம் எடுத்தா புரோட்டீன். அந்த ஊருக்குள்ளேயே வேலை செய்யற சரக்கு அங்கேயே தங்கிடும். வெளியூர் போற சரக்குன்னா எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்புன்னு பேக்கிங், டெஸ்பாட்ச் எல்லாம் தாண்டிப் போகும். கரண்ட் சப்ளை மைட்டோகாண்டிரியா. பவர்கட் கிடையாது.

மூணு மூணு எழுத்துன்னேனே, அதுக்கு மிஸ் தமிழ்ல ஒரு உதாரணம் கேட்டாங்க. நான்தான் எழுந்து சொன்னேன். கிளாஸே கைதட்டுச்சு. இதோ:

அக்கா வந்து தம்பி வண்டி தள்ளு.

எண்ணிப் பாரு, ஒவ்வொரு வார்த்தையும் மூணே எழுத்து. இப்போ ஒரிஜினல்ல ஒரே ஒரு எழுத்து, அந்த ‘க்’ மட்டும் விழுந்துபோச்சுன்னு வை. ஆபரேட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு மூணு மூணாப் படிச்சுகினே போகும்:

அகாவ ந்துத ம்பிவ ண்டித ள்ளு.

பாத்தியா? விழுந்தது ஒரு எழுத்து. கெட்டது அதுக்கப்புறம் வர்ற எல்லாம். உளறிகினே போயி, எங்கயாவது ‘போதும், நிறுத்து’ங்கிற மாதிரி மூணு எழுத்து தானா அமைஞ்சிடும். அங்கேயே லைன் ஸ்டாப். பாதி மாலை. குப்பை. உங்க கம்பெனியில லைன் நின்னா சூப்பர்வைசர் ஓடி வருவார். இங்க யாரும் ஓடி வர மாட்டாங்க.

சரி, சந்தோஷ சமாச்சாரம். சுதந்திர தினத்துக்கு ஊர் மன்றத்துல சாக்குப் பந்தயம். உன் தம்பி ரெண்டாவது! பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். தவளை மாதிரி தாவினேன், ஊரே "பயில்வான், பயில்வான்"னு கத்துச்சு.

அப்புறம் அப்பா, அம்மா, நான் மூணு பேரும் மெட்ராஸ் போயிட்டு வந்தோம். சும்மா சுத்திப் பாக்க. லிஃப்டுல ஏறினேன். தொடையில சின்னதா ஒரு தையல், எங்கயோ ஏறிக் குதிச்சதுல. அதப்பத்தி எழுத ஒண்ணுமில்ல.

சிவா


சங்கரன்கோவில் பக்கம்,
6.11.2005

என் தங்கத் தம்பிக்கு,

உனக்குத்தான் முதல்ல எழுதறேன். நீ மாமாவாகப் போறே! மூணாம் மாசம்.

உங்க மாமா ஒரு கிலோ மிக்சரை வாங்கிக்கிட்டு வந்து தறிக்காரங்க எல்லாருக்கும் கொடுத்துட்டு, எனக்குக் கொண்டுவர மறந்துட்டார். அத்தை, "ஆம்பளப் பிள்ளையாப் பெத்துப் போடு தாயி, வேற ஒண்ணும் கேக்கல" என்கிறாங்க. எனக்கும் ஆம்பளைதான்னு தோணுது. ஏன்னு தெரியல.

ஒரு விஷயம் நடந்தது, சொல்றேன். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "பிறந்த வீட்டுல யாருக்காவது கை கால் விளங்காம, ரத்தம் நிக்காம, அப்படி எதாவது உண்டா?" என்று கேட்டாங்க. நான் யோசிக்காம, "என் தம்பிக்கு கால்ல கொஞ்சம்..." என்று ஆரம்பிச்சுட்டேன். அந்தம்மா பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. "சின்ன வயசுல நல்லா நடந்து, போகப் போகக் குறைஞ்சுதா? கெண்டைக்கால் பெருசா? அப்படின்னா உன் ரத்தத்தைப் பெரிய ஊருக்கு அனுப்பணும். நாலு மாசம் முடியறதுக்குள்ள தெரிஞ்சாகணும்" என்றாங்க. பக்கத்துல அத்தை. அவங்க முகமே மாறிப்போச்சு.

அப்போதான் பையில உன் கடிதம் இருந்தது ஞாபகம் வந்தது. எடுத்து, சாக்குப் பந்தயத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "சாக்குல குதிச்சுப் பரிசு வாங்கற பையனுக்கு ஒண்ணுமில்லம்மா, அது சத்துக் குறைவா இருந்திருக்கும்" என்று எழுதினதை அடிச்சுட்டாங்க. அத்தையும் வழி முழுக்க உன் பேச்சுதான். "உன் தம்பி பெரிய கேடியால்லா இருக்கான்" என்கிறாங்க.

உன் சாக்குதான்டா என்னைக் காப்பாத்துச்சு.

அம்மாகிட்ட ரகசியமா சொல்லு. அப்பாகிட்ட சொல்லாதே. இல்ல, சொல்லு. எனக்குத் தெரியல, நீயே பார்த்துக்கோ.

காவேரி


வல்லக்கோட்டை,
27.11.2005

அக்கா,

மழை. ரோடு எது ஏரி எதுன்னு தெரியல. பஸ் வரல, தபால் வரல, கோதண்டம் கடையில தண்ணி. உன் கடிதம் எனக்கு முந்தாநாள்தான் கிடைச்சுது. மந்திரியார் நனைஞ்சு இருமுகிறார். இதுதான் இன்றைய தலைப்புச் செய்தி.

சந்தோஷம்கா. நெசமா சந்தோஷம். உன் வயித்துல கரு, கருவுக்குள்ள செல், செல்லுக்குள்ள உட்கரு, கரு மேல கரு மேல கருன்னு ஒரு ஜோக் எழுதலாம்னு நினைச்சேன். வரல.

அந்த டாக்டரம்மாகிட்ட இன்னொரு தடவ போறியா? அடிச்சத மறுபடி எழுதச் சொல்லு. ரத்தம் கேட்டாங்க இல்ல, குடுத்துடேன். ரத்தம் குடுத்தா இன்னா குறைஞ்சிடும்? மாமாவக் கூட்டிகினு போ, அத்தைய வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன், என்னைப் பத்தி ஒண்ணும் இல்ல. சும்மா சொல்றேன். புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கு.

அம்மாவோட தம்பி, நாம பாக்காத ராஜாமணி மாமா, எப்படி செத்தார்னு உனக்கு என்ன சொல்லியிருக்காங்க?

போன் பேசலாம்னு கோதண்டம் உங்க ஊர் மளிகைக் கடை நம்பருக்கு அடிச்சான். "காவேரியக் கூப்பிடுங்க"ன்னதும், "எந்தப் பயல நீ?"ன்னு கேட்டு வச்சிட்டாங்களாம். அந்தக் கடைக்காரர் உன் அத்தைக்குத் தம்பியாமே. அதனால மறுபடி போடல.

மறக்காம போக்கா. இந்த வாரமே.

சிவா


சங்கரன்கோவில் பக்கம்,
11.12.2005

சிவா,

உன் கடிதத்தைப் படிச்சதிலிருந்து மனசு சரியில்ல. போன் வந்ததுக்கு இங்க நடந்த சண்டையை நான் எழுதப்போறதில்ல.

யார் எழுதச் சொன்னது இதை? அப்பாவா? பெத்த பொண்ணு வயித்துல பிள்ளையோட இருக்கான்னு தெரிஞ்சதும் அவருக்கு வாயில நல்ல வார்த்தை வரலையா? செத்தவங்க பேச்சை எடுத்து எதுக்கு எழுதறே? ராஜாமணி மாமா புளியமரத்திலிருந்து விழுந்து செத்தார், ஊருக்கே தெரியும். அதுக்கும் என் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒண்ணுமில்லேங்கிறே, ஆனா ரத்தம் கொடுங்கிறே. நல்லா இருக்கேங்கிறே, ஆனா மறுபடி போங்கிறே. ஆஸ்பத்திரியில நான் என்ன சொல்லட்டும்? என் தம்பி சாக்குல குதிக்கிறான், அதனால எனக்குப் பயமா இருக்குன்னா?

விளையாட்டுக்கும் ஒரு அளவு உண்டு. என் செருப்புல தவளையை வச்சே, சிரிச்சேன். டிபன்ல மிளகாப் பழத்தை மறைச்சே, அதையும் சிரிச்சுக்கிட்டே தின்னேன். இது என் பிள்ளை.

பையன் பிறந்தா உன் பேரைத்தான் வைக்கிறதுன்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம். உன்னை மாதிரியே ஓடணும், குதிக்கணும்னு உங்க மாமா சொல்லிக்கிட்டிருக்கார். அதை எழுத வந்தேன், வேற என்னென்னவோ எழுதிட்டேன்.

இனிமே இப்படி எழுதறதா இருந்தா எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

காவேரி


வல்லக்கோட்டை,
2.1.2006

அக்கா,

பிரிக்க மாட்டேன்னு எழுதியிருந்தே. அதனால போஸ்ட்ல போடல. கோதண்டம் கையில குடுத்து அனுப்பறேன். நீ படிச்சு முடிக்கற வரைக்கும் வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கேன். அவன் திருட்டு முழி முழிச்சாலும் நல்லவன், ஒரு டம்ளர் தண்ணி குடு.

கடிதத்தோட ஒரு ஜெராக்ஸ் இருக்கும். மெட்ராஸ் ஆஸ்பத்திரி காகிதம். ஒரிஜினல் அப்பா பீரோவுல. அம்மா தண்ணிக்குப் போன நேரம் கோதண்டம்தான் எடுத்துகினு போயி, காப்பி போட்டு, மறுபடி அங்கேயே வச்சான். மேல என் பேர். கீழ இங்கிலீஷ்ல நீளமா ஒரு வியாதி பேர். டாக்டரம்மாவுக்கு அதப் படிச்சா போதும், எதுவும் நீ சொல்ல வேணாம்.

என் தொடையில போட்ட தையல் குதிச்சதுல வந்தது இல்ல. சதைய ஒரு துண்டு வெட்டி எடுத்தாங்க. சதைக்குள்ள, செல் கிழியாம பிடிச்சு வைக்கற ஒரு புரோட்டீன் இருக்கணுமாம். எனக்கு அது சுத்தமா இல்ல. அதோட பத்திரம்தான் மனுஷனுக்குள்ள இருக்கிறதிலேயே ரொம்ப நீளமாம், அதனால அதுல தப்பு விழறது சுலபமாம். எனக்கு நடுவுல கொஞ்சம் எழுத்தக் காணோம். அதுக்கப்புறம் எல்லாம் அகாவ ந்துத. லைன் ஸ்டாப். நீ உன் புஸ்தகத்துல ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கியே, ‘ரைபோசோம் தானாக எதையும் திருத்தாது’ன்னு, அத அன்னிக்கு ராத்திரி திரும்பத் திரும்பப் படிச்சேன். உன் கையெழுத்து அப்பவே எனக்கு சொல்லியிருக்கு.

மருந்து கிடையாதான்னு அப்பா கேட்டார். பெரிய டாக்டர் சன்னல் பக்கம் பாத்தார்.

அப்புறம் அவர் கேட்டார், "பொண்ணு இருக்கா உங்களுக்கு? இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே அவ ரத்தத்தப் பாக்கணும்."

அப்பா, "இல்ல சார்"ன்னார்.

அம்மா தரையைப் பாத்துகினு இருந்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு வாய் இல்லையா? எதுக்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிற வாய். திறக்கல. இங்க அப்பா பொண்ணு இல்லன்னார். அங்க நீ தம்பிக்கு ஒண்ணுமில்லன்னே. ரெண்டு இல்லைக்கு நடுவுல உன் குழந்தை மாட்டிகினு கீது.

அவங்க பில் கட்டப் போனப்போ சின்ன டாக்டரம்மா ஒருத்தங்ககிட்ட கேட்டேன். ஆம்பளைக்கு அந்தப் பத்திரம் ஒரே காப்பிதான். அதுவும் அம்மா குடுத்தது. பொம்பளைக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணப் பாத்து லைன் ஓடிடும், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மா பீரோவுல ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. எனக்குக் கெட்டது வந்துடுச்சு. உனக்கு எது வந்திருக்குன்னு உன் ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும். கெட்டதே வந்திருந்தாலும், பிறக்கறது பையனா இருந்தாலும், பாதிக்குப் பாதிதான். பூவா தலையா மாதிரி.

ராஜாமணி மாமா புளியமரத்துலேர்ந்து விழல. திரும்பி வர்ற பஸ்ல அம்மா சொன்னாங்க. அவர் மரமே ஏறினது இல்லயாம். பதினாறு வயசுக்கு மேல நடக்கவே இல்ல. அம்மாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னு, செத்தப்புறம் வூட்டுல கதை கட்டி அவர மரத்துலேர்ந்து தள்ளி விட்டுட்டாங்க. கெண்டைக்கால் பெருசா இருக்குமாம்.

நான் ஏன் முன்னாடியே சொல்லல? உன் முதல் கடிதத்துல தலைமேல இருந்த கல்ல யாரோ இறக்கின மாதிரி இருக்குன்னு எழுதின. அத மறுபடி தூக்கி உன் தலையில வைக்க எனக்கு இஷ்டமில்ல. வேற ஒரு காரணமும் இருக்கு. அத எழுதத்தான் கை வரல.

ரத்தத்தப் பாத்து, வயித்துல இருக்கறது என்னை மாதிரின்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். சின்ன டாக்டரம்மா மெதுவா சொன்னாங்க. என்னைப் பாத்துகினே சொன்னாங்க, பாவம், அவங்களுக்கே சங்கடமாயிடுச்சு. என்னை மாதிரி ஒருத்தன் வேணுமா வேணாமான்னு கேக்கற பரீட்சைக்கு நானே உன்ன அனுப்பறேன். போன்னும் சொல்ல முடியல, போகாதேன்னும் சொல்ல முடியல. செல்னா போன்னு அர்த்தம்னு பெருசா எழுதினேன். ஒண்ணு மட்டும் அந்தக் கணக்குல சேத்துக்கோ. மந்திரி தொப்பிய தின்ன அன்னிக்கு நான் வயிறு வலிக்க சிரிச்சேன். அது பொய் இல்ல.

நாலு மாசம் தாண்டிடுச்சுன்னு தெரியும். மழை ஒரு பக்கம் கெடுத்துச்சு, நான் ஒரு பக்கம் கெடுத்தேன். இன்னும் நேரம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மாவுக்குத் தெரியும். இப்பவே மாமாவோட கிளம்பு. அவங்க சிரிக்கிற மாதிரி இந்தத் தடவ ஒண்ணும் படிச்சுக் காட்டாதே.

மீதியும் சொல்லிடறேன். பிளஸ் ஒன்ல நான் சேரல. மாடின்னு சொல்லிட்டாங்க, அப்பா திரும்பிட்டார். மிஸ்ஸும் இல்ல, கிளாஸும் இல்ல, யாரும் கைதட்டல. உன் புஸ்தகத்த வச்சிகினு நானே படிக்கிறேன். சைக்கிள் துருப்பிடிச்சு சுவத்துல சாஞ்சிகினு கீது, மந்திரிய அதுலதான் கட்டியிருக்கோம். படப்பை எண்ணெய்க்கு வாசனை மட்டும் ஜோரா இருக்கும். ஆடிமாசத்துலேர்ந்து நான் நிக்கல. ஆஸ்பத்திரியில ஒரு சக்கர நாற்காலி குடுத்தாங்க. ‘தம்பி வண்டி’ன்னு எழுதினேனே, அதுதான். அம்மா தள்ளினா கோயில் ஏத்தத்துல நின்னுடுது, ரெண்டு பேரும் பின்னாடி உருண்டு வரோம். பயிலவும் இல்ல, பயில்வானும் இல்ல.

கடைசியா அந்தப் பந்தயம். சாக்குல நான் குதிக்கலக்கா, சாக்குதான் சொன்னேன். ரெண்டாவதா வந்தது இப்போ உன் வாசல்ல நிக்கறானே, அவன். டிபன் பாக்ஸ் அவங்க வூட்டுல இருக்கு, வேணும்னா கேளு. நான் கோட்டுக்கு வெளியே அந்த சாக்க மடிச்சுப் போட்டு அதுமேல உட்கார்ந்து வேடிக்கை பாத்துகினு இருந்தேன். விசில் அடிக்கப் போற நேரத்துக்கு ஓடி வந்து, "மச்சான், எந்திரி, சாக்கு வேணும்"னான். எனக்கு எந்திரிக்க வரல. அவன்தான் என்னைத் தூக்கிப் பக்கத்துல மண்ணுல வச்சிட்டு, சாக்க உதறி எடுத்துகினு போனான்.

சிவா